அப்பாவுக்கு முதலில் கரண்ட்டா, ஆபரேஷனா?

அப்பாவுக்கு மலம் போகும்போது ரத்தம் வந்ததை ஊரில் எல்லோரும் மூலம் என்றுதான் சொன்னார்கள். பாலக்கோடு பக்கம் மூலத்துக்கு மருந்து சொல்லாத ஆள் கிடையாது. மாதக்கணக்கில் லேகியம் போனது. கடைசியில் தர்மபுரியில் ஒரு டாக்டர் கையுறை மாட்டி விரல் விட்டுப் பார்த்தார், உடனே கேமரா டெஸ்ட்டுக்கு எழுதினார். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் மலக்குடல் புற்றுநோய் என்று வந்தது.

"வெட்டி எடுத்துடுங்க சார், கரண்ட் எல்லாம் வேணாம்" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். கரண்ட் என்றால் கதிர்வீச்சு சிகிச்சை. அதை வைத்தால் உடம்பே கருகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பெங்களூரில் பார்த்த சர்ஜன் கோபப்படவில்லை. எம்ஆர்ஐ படத்தைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினார். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது, அதைக் கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். அப்பாவின் கட்டி அந்த உறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. "இப்பவே வெட்டினா கொஞ்சம் மிச்சம் நின்னுடும், முதல்ல சுருக்கிக்கலாம்பா."

கரண்ட் வைத்தால் ஆயுள் கூடுமா என்று கேட்டேன். அவர் நெதர்லாந்தில் நடந்த ஆய்வைச் சொன்னார், 2001-ல் வெளியானது. நல்ல முறையில் ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 2 ஆண்டுக்குள் 8.2 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. முன்னதாக 5 நாள் கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 2.4 சதவீதம். ஆனால் அந்த 2 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். இப்படி மறைக்காமல் சொன்னதால்தான் அப்பா தலையாட்டினார். இடுப்புக்குள் நோய் திரும்பினால் வலி தாங்க முடியாது என்பதும் அவருக்குப் புரிந்தது. அடுத்த கட்டிலில் இருந்த காவேரிப்பட்டணத்துக்காரருக்கு கட்டி மலக்குடலின் மேல் பக்கம், ஆரம்ப நிலை. அவருக்கு ஆபரேஷன் மட்டும்தான். அதனால் அடுத்தவருக்குச் செய்ததை வைத்து நாம் முடிவெடுக்கக் கூடாது.

அப்பாவுக்கு நீண்ட முறை: வாரம் 5 நாளாக 5 வாரத்துக்கு மேல், கூடவே கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை. தினமும் தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிறைந்த பிறகுதான் மெஷினில் படுக்க வைப்பார்கள். இடுப்பில் போட்ட மை கோட்டைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. உடம்பு கருகவில்லை. கடைசி வாரங்களில் ஆசனவாய் எரிச்சலும் அடிக்கடி வெளிக்குப் போவதும்தான் படுத்தின. பிறகு சில வாரம் ஆறவிட்டு ஆபரேஷன்.

தையல் ஆறும்வரை குடலை வயிறு வழியாக வெளியே எடுத்து, மலம் சேர ஒரு தற்காலிகப் பை. அதை முதலில் கையில் எடுத்தது அம்மாதான். ஒட்டும் தகட்டில் ஓட்டையை, வெளியே தெரியும் குடலின் அளவுக்கே வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் கசிந்து தோல் புண்ணாகிவிடும். அம்மா ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பது போல அட்டையில் வரைந்து, அதை வைத்து வெட்டினார். பையில் தண்ணீராகவே போகும் என்பதால் உப்பு போட்ட மோரும் கஞ்சியும் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

பையை எடுத்துக் குடலை உள்ளே வைத்த பிறகும் ஒரு நாளில் பலமுறை போக வேண்டியிருக்கிறது, அடக்க முடிவதில்லை. ஆபரேஷனும் கரண்ட்டும் சேர்ந்தால் பலருக்கு இப்படி ஆகுமாம். இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இப்போது ஓசூர் போவதென்றாலும் பஸ்ஸில் ஏறுவதில்லை, கழிப்பறை இருக்கும் ரயில்தான்.