அச்சைக் கடக்கும் நேரம்

ஜூன் 3, செவ்வாய்

அண்ணன் மகள் மாலையில் நோட்டோடு வந்தாள். எக்ஸ் = டி² − 1, ஒய் = டி³ − டி என்று துணையலகுச் சமன்பாடுகளில் (எக்ஸ், ஒய் இரண்டையும் டி என்ற மூன்றாவது அளவால் சொல்பவை) தரப்பட்ட வளைவரை அச்சுகளை எங்கே வெட்டும் என்பது கணக்கு. "டிக்கு 0 போட்டேன் சித்தப்பா, (−1, 0) வந்தது. எக்ஸ் அச்சில்தானே இருக்கிறது?" என்றாள்.

இருக்கிறது, அதுதான் வம்பு. தவறான வழியில் போய்ச் சரியான விடையைத் தொட்டுவிட்ட பிள்ளையைத் திருப்பி அழைத்துவருவது பெரும்பாடு.

காகிதத்தில் ஓர் எறும்பு ஊர்கிறது, டி அதன் கடிகாரம் என்றேன். கடிகாரத்தில் 0 என்பது நாம் பார்க்கத் தொடங்கிய நேரம். அச்சுக்கும் அதற்கும் உறவே இல்லை. எறும்பு எக்ஸ் அச்சின்மேல் இருக்கும்போது 0 ஆவது ஒய். ஆகவே டி³ − டி = 0 எப்போது என்று முதலில் கேள். காரணிப்படுத்தினாள்: டி = −1, 0, 1. அந்த நேரங்களை எக்ஸில் போட்டாள்: 0, −1, 0.

"மூன்று நேரம், ஆனால் இரண்டே புள்ளியா?" என்றாள். அதற்குள் மின்சாரம் போய்விட்டது.

ஜூன் 4, புதன்

வரைபடத்தாளில் ஒவ்வொரு புள்ளியாக வைத்தோம். எறும்பு வலப்பக்கம் கீழிருந்து வருகிறது. டி = −1 ஆகும்போது ஆதிப்புள்ளியைக் கடந்து இடப்பக்கம் மேலே ஏறுகிறது; (−1, 0) வழியாக இறங்கி, டி = 1 ஆகும்போது மறுபடியும் அதே ஆதிப்புள்ளி. பிறகு வலப்பக்கம் மேலே போய்விடுகிறது. நடுவில் சுருக்குக் கயிறுபோல் ஒரு கண்ணி. ஒய் அச்சுக்கு எக்ஸை 0 ஆக்கினாலும் அதே டி = ±1, அதே ஆதிப்புள்ளி.

முதல் தடவை கடக்கும்போது சாய்வு −1, இரண்டாம் தடவை 1. தன் பழைய தடத்தையே செங்குத்தாக வெட்டிப் போகிறது எறும்பு! எனக்கே இது புதிதாகத் தெரிந்ததுபோல் ஒரு மகிழ்ச்சி.

டியை நீக்கினால் ஒய்² = எக்ஸ்²(எக்ஸ் + 1). புள்ளிகள் அதே இரண்டுதான் கிடைக்கும். இரண்டு முறை வந்துபோன கதை மட்டும் காணாமல் போய்விடும்.

ஜூன் 7, சனி

இவளுக்கு டியைக் கண்டாலே நீக்கிவிடத் தோன்றுகிறது. இன்று எக்ஸ் = டி + 1/டி, ஒய் = டி − 1/டி, டி > 0. மளமளவென்று எக்ஸ்² − ஒய்² = 4 என்று எழுதி, எக்ஸ் அச்சில் 2, −2 என்று விடையும் போட்டாள். டி நேர்மமாக இருக்கும்வரை எக்ஸ் எப்படி −2 ஆகும்? எக்ஸ்² − ஒய்² = 4 என்பது அதிபரவளையம், தனித்தனியாக இரண்டு கிளைகள் கொண்ட வளைவரை; −2 இருப்பது மற்றொரு கிளையில். எறும்பு அந்தப் பக்கம் போனதே இல்லை. ஒய் அச்சுக்கு டி² = −1, வெட்டே கிடையாது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் பழைய 28 அங்குல சைக்கிளை வெளியே எடுத்தேன். டயரில் ஒரே இடத்தில் சுண்ணாம்பைக் குழைத்து அப்பி, அவளை ஓட்டச் சொன்னேன். அந்தப் புள்ளி காற்றில் போடும் வளைவு வட்ட உருள்வளை. கலிலியோ அதைத் தகட்டில் வெட்டி எடைபோட்டு, ஒரு வளைவின் அடியிலுள்ள பரப்பு சக்கரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டார். சரியாக மூன்று மடங்கே என்று பின்னர் நிறுவினார்கள்.

ஆரம் 1 என்றால் எக்ஸ் = டி − சைன் டி, ஒய் = 1 − காஸ் டி. ஒய் 0 ஆவது டி என்பது 2 பையின் (2π) மடங்காகும்போது. அப்போது எக்ஸும் அதே அளவு. அதாவது தெருவில் விழும் சுண்ணாம்புத் தடத்துக்குத் தடம் சக்கரத்தின் ஒரு சுற்றளவு. 28 அங்குல விட்டத்துக்குக் கணக்குப்படி 2.23 மீட்டர், தெருவில் டேப் 2.20 காட்டியது. ஆள் ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கத்தானே செய்யும்.

ஒய் ஒருபோதும் எதிர்மம் ஆவதில்லை. எனவே இந்த வளைவரை அச்சைத் தொட்டுவிட்டு மேலே திரும்புகிறது, வெட்டுவதில்லை. ஒய் = 0 என்று தீர்த்துவிட்டு "வெட்டும் புள்ளி" என்று எழுதுமுன் குறி மாறுகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

மூன்றாவது சுண்ணாம்புப் புள்ளி எதிர்வீட்டு மாமியின் கோலத்தில் விழுந்தது. "வெட்டவில்லை மாமி, தொட்டதுதான்" என்று சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.