முடிச்சிட்ட கயிறு

இன்று மாலை டர்பனின் சாட்ஸ்வொர்த் மைதானத்தில் பயிற்சி முடிந்ததும், அண்ணன் மகன் கைப்பேசியை நீட்டி, "சித்தப்பா, இதைப் பாருங்கள்" என்றான்.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் தடகளத் துணைப் பயிற்றுநர் பணிக்கான அறிவிப்பு.

அவன் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சின் கயிறு மூன்று இடங்களில் முடிச்சிடப்பட்டிருந்தது; ஆறு ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பிள்ளைகளை ஓட வைத்த கயிறு அது.

அங்கும் பலர் முதுகலை படித்துக்கொண்டே, கட்டணச் சலுகைக்கும் சிறு உதவித்தொகைக்கும் உழைத்துத்தான் மேலே வருகிறார்கள்.

நம் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்றுநர் ஆன்ஸ் போத்தா அம்மையாரை, 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் வேய்ட் வான் நீகெர்க் 400 மீட்டரை 43.03 விநாடியில் ஓடிய பிறகே, 74ஆம் வயதில், உலகம் அறிந்தது.

"சம்பளம் வாங்காததை அனுபவம் என்று எழுதலாமா?" என்று தயங்கினான்.

ஆறு ஆண்டுகளையும் முதல் வரியிலேயே எழுத வைத்தேன்.