நீட் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் கால்நடை மருத்துவ சீட் போயிருக்கும்

எம்பிபிஎஸ்ஸா, கால்நடை மருத்துவமா என்று மெதுவாக முடிவு பண்ணுங்கள். சான்றிதழ்களை மட்டும் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். என்னை அலையவிட்டது நேட்டிவிட்டி, அதாவது சொந்த ஊர் தமிழ்நாடுதான் என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பம். பத்தாவது வரை படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியின் பாகூரில். எல்லையோரத்தில் இது சர்வ சாதாரணம். ஆனால் பள்ளிப் படிப்பில் கொஞ்ச காலம் புதுச்சேரியில் என்றாலும் வெளி மாநிலக் கணக்குதான், நேட்டிவிட்டி கேட்பார்கள்.

இ-சேவை மையத்தில் அப்பா தெளிவாகச் சொல்லியும் அங்கிருந்தவர் வசிப்பிடச் சான்றுக்குப் பதிந்துவிட்டார். கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாம்மா, எல்லா எடத்துலயும் எடுத்துக்குவாங்க" என்கிறார். எடுத்துக்கொள்ள மாட்டார்கள்! ரசீதில் எந்தச் சான்றிதழ் என்று படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். மறுபடி பணம் கட்டி, மறுபடி பதிந்து, அது நிலுவையிலேயே கிடந்தது. விசாரிக்கப் போன அப்பாவை, "பாண்டிச்சேரியில படிக்க வெச்சிட்டு இங்க வந்து நேட்டிவிட்டி கேட்டா எப்படி?" என்று அத்தனை பேர் முன்னால் ஒரு எழுத்தர் கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் வழி சொன்னவர் எங்கள் விஏஓ. அப்பா, அம்மா இருவரின் பள்ளி டிசி, என் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொன்னார். அதன் பிறகு கையெழுத்தாகி வந்தது.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள், "பாண்டிச்சேரி கோட்டாவுலயும் ஒண்ணு போட்டு வையி" என்றார்கள். இரண்டு மாநிலத்திலும் சொந்த ஊர் உரிமை கோரினால் கிடைத்த சீட்டும் ரத்தாகும். கேட்காதீர்கள்.

"நீட் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பதையும் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான்: உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். விண்ணப்பம் தனி, கடைசித் தேதியும் தனி. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் நீட். மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்றும் நினைக்க வேண்டாம், கட்-ஆஃப் பயங்கரமாக ஏறும். படிப்பும் எம்பிபிஎஸ் போலவே பயிற்சியோடு ஐந்தரை வருஷம்.

நீட்டில் என் மார்க் இரண்டுங்கெட்டான். இன்னொரு வருஷம் கோச்சிங் போகச் சொன்னார் அத்தை. அந்த வாரம்தான் குறிஞ்சிப்பாடியில் சித்தி வீட்டு மாடு கன்று போட்டுவிட்டு எழ முடியாமல் படுத்துவிட்டது. கழுத்தை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடந்தது. பால் காய்ச்சல் என்றார் டாக்டரம்மா. ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போவதால் வருவதாம். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே ரத்தக்குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக கால்சியம் ஏற்றினார். பாட்டில் முடிந்து கொஞ்ச நேரத்தில் மாடு எழுந்து நின்று சாணி போட்டது. சித்தி அழுதுவிட்டார். செத்திருந்தால் அவர்கள் வீட்டு வருமானமே போயிருக்கும். இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று அன்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "மாட்டு டாக்டரா?" என்று இழுத்த அத்தைக்கு அப்பாவே பதில் சொன்னார்.

கலந்தாய்வில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி கிடைத்தது. எல்லையோரப் பிள்ளைகளுக்கு எந்தெந்தத் தாளைச் சேர்ப்பது என்று சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சொல்கிறேன்.