தேவாலாவிலிருந்து வந்த சின்னத் தாத்தாவும் அக்கரப்பத்தனை மலையும்

மலையகத்தில் தங்குவதற்கு நல்ல இடம் தேடினால், இணையம் காட்டுவதில் பாதி பழைய தொரை வங்களாக்கள்தான், வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிமார் இருந்த வீடுகள். புல்வெளி, கணப்படுப்பு, வெள்ளைத் தொப்பி போட்ட சமையற்காரர் என்று படங்கள் அழகாக இருக்கும். சின்னத் தாத்தாவிடம் போனில் காட்டினேன். ஒரே பேச்சில் மறுத்துவிட்டார்.

"எங்கப்பா அந்தப் படிக்குக் கீழ நின்னுதான் பேசுவாரு தாயி. அதுக்கு மேல ஏறி நான் எப்படிப் படுப்பேன்?"

அதன் பிறகு வேறு யோசனைக்கு இடமில்லை. பழைய டொல்பின் வேனுக்குள் படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருந்த ஒருவரிடம் தம்பி வாடகைக்கு எடுத்துவந்தான். தம்பி ஓட்ட, அம்மா, நான், சின்னத் தாத்தா என்று கொழும்பிலிருந்து புறப்பட்டோம்.

சின்னத் தாத்தா என் அம்மாச்சியின் கடைசித் தம்பி. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் மலையகச் சனத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருடம் கழித்து அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பங்கு இப்படி விழுந்தது: கலியாணம் கட்டிப் போயிருந்த அம்மாச்சிக்கு இலங்கை, அவருடைய அப்பா, அம்மா, தம்பிமாருக்கு இந்தியா. 1973இல் தலவாக்கலை ஸ்டேசனில் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார் போய், 'ராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் இறங்கியபோது சின்னத் தாத்தாவுக்குப் பத்து வயது. அம்மாச்சி அதன் பிறகு தன் தாயைப் பார்க்கவே இல்லை. ஒப்பந்தத்தை இரண்டு நாடுகளும் நல்லுறவின் வெற்றி என்று எழுதிக்கொண்டன. கேட்கப்படாமலே பிரிக்கப்பட்டவர்களின் பேத்தியாக எனக்கு அதை அப்படிப் படிக்க முடியவில்லை.

அவர்களைக் கொண்டுபோய் விட்ட இடம் நீலகிரி மாவட்டத்தில் கூடலூருக்கு அப்பால் உள்ள தேவாலா. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலை நடத் தொடங்கியிருந்தது. அதுதான் பிறகு 'டான்டீ' என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஆனால் தேவாலாவும் பக்கத்துப் பந்தலூரும் தேயிலைக்கு முன்னால் தங்கத்துக்குப் பேர்போன ஊர்கள். 1880 வாக்கில் அந்தப் பாறைகளில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பனிகள் முளைத்தன, பங்குகள் விற்றன. யந்திரங்களை மலையேற்றிச் சுரங்கம் வெட்டினார்கள். போட்ட பணத்துக்குத் தங்கம் இல்லை. சில வருடங்களிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"எங்க லயத்துக்குப் பின்னாடியே ஒரு குழி வாய். வெயில் காலத்துல அதுக்குள்ள இருந்து சில்லுனு காத்து வரும். தங்கம் இருக்குன்னு பெரியவங்க சொல்வாங்க. நாங்க பாத்ததெல்லாம் வவ்வாலுதான்" என்றார் சின்னத் தாத்தா. லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு அருகே வேனை நிறுத்தி, அம்மா ரொட்டி சுட, நான் கட்டச்சம்பல் இடிக்க, அன்று இரவு முழுக்க அந்தச் சுரங்கக் கதைதான்.

மாத்தளையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கிய ஆதி சனம் காட்டு வழியே நடந்து மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் அது. 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் மாத்தளையில்தான் முடித்தார்கள்.

கண்டியைச் சீக்கிரம் கடந்தோம். ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவுக்கு ஏறினோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவர் உட்கார்ந்து மலை பார்த்த கல்லிருக்கை, வீட்டின் புகைபோக்கி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து, 1869இல், கோப்பி இலையில் துருநோய் கண்டு, மெல்ல மெல்ல அந்தப் பயிரே அழிந்தபோது, டெய்லரின் தேயிலைதான் துரைமாரைக் காப்பாற்றியது. அந்த 19 ஏக்கர் காட்டை வெட்டியவர்களில் ஒருவர் பேரைக்கூட நான் எங்கும் படித்ததில்லை. அதே ஹேவாஹெட்டப் பகுதியில் இருக்கிறது முல்லோயா. 1940 ஜனவரி 10ஆம் திகதி, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான தோட்டம். லூல்கந்துர போகிறவர்கள் முல்லோயாவுக்கும் போய்விட்டு வாருங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் தேயிலையின் கதை பாதிதான்.

ஹட்டன், தலவாக்கலை, லிந்துலை எல்லாம் வேன் கண்ணாடிக்குள் ஓடிப் போயின. சின்னத் தாத்தா பேசுவதை நிறுத்தியிருந்தார். அக்கரப்பத்தனைக் கடைத்தெருவுக்குப் பிறகு வேன் போகாது என்றார்கள். கோயில் பொட்டலில் நிறுத்திவிட்டு ஓட்டோ பிடித்தோம்.

கையில் இருந்தது 1973இல் இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை. பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. தோட்டத்தின் பேர் அதில் இருக்கிறது, அப்பா பேர் எழுத்துப் பிழையோடு இருக்கிறது. தோட்டத்து ஒபிசில் இருந்த கிளார்க் தம்பி அன்பாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் தொழிலாளர் பேரும் சம்பளமும் எழுதும் அந்தக் காலத்துச் செக்ரோல் புத்தகம் எதுவும் இப்போது அங்கே இல்லை. கடதாசி அதோடு முடிந்தது. தோட்டத்தில் வேர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திரும்பிவிடுகிறார்கள். திரும்பக் கூடாது. லயத்துக்குள் போக வேண்டும்.

லயத்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், ஒரு பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு வீட்டு ஆளுங்க நீங்க?"

சின்னத் தாத்தா அப்பா பேரைச் சொன்னார். தெரியவில்லை. ஊர்ப் பேரைச் சொன்னார். அதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்து, "கூத்து வாத்தியாரு மகன்" என்றார்.

பாட்டி எழுந்தே விட்டார். "காமன் கூத்து வாத்தியாரா? உங்க மூத்த அண்ணன்தானே ரதி வேசம் கட்டும்? எங்க ஆத்தாவோட சேலையத்தான் வாங்கிக் கட்டும்! கப்பலேறிப் போன வருசம் ரதிக்கு ஆளே கிடைக்கல!"

அரசாங்கம் பேரைத் தப்பாக எழுதி வைத்த மனுசனை, ஐம்பது வருடம் கழித்து லயம், மாசியில் ஆடும் அந்த ரதி-மன்மதன் கூத்தை வைத்து அடையாளம் சொன்னது. ஐந்து நிமிடத்தில் இஸ்தோப்பு நிறைந்துவிட்டது. தேத்தண்ணி வந்தது. யார் யார் போனார்கள், யார் இருந்தார்கள், யார் எந்தக் காம்பராவில் என்று ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள்.

சின்னத் தாத்தா வந்த காரியம் ஒன்றே ஒன்று. கப்பலேறுவதற்கு முந்தின வருடம் செத்துப்போன அவருடைய அப்பாயியின் குழி. பாட்டியே கூட்டிக்கொண்டு போனார், பேரன் கையைப் பிடித்தபடி. ஏழாம் நம்பர் மலையில், தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே ஒரு சவுக்கு மரம் அடையாளமாம். மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். இடுப்பளவு அகலமான அடிக்கட்டை மட்டும் கிடந்தது, அதன் ஓரத்தில் பாசி. அதற்குக் கீழே இரண்டு தேயிலைச் செடிக்கு நடுவே மண் ஒரு சாண் உள்வாங்கியிருந்தது. கவ்வாத்து வெட்டிய கிளைகளில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மேலே புதுக் கொழுந்து.

மடியிலிருந்து வெற்றிலை, பாக்கு, ஒரு சுருட்டு எடுத்து வைத்தார். அப்பாயி சுருட்டுக் குடிப்பாராம். அம்மா சத்தம்போட்டு அழுதார். சின்னத் தாத்தா அழவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செடியைச் சுற்றி இருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

ஒரு கல் வைக்கலாமா என்று தம்பி கேட்டான். "கல்லு வச்சா அடுத்த கவ்வாத்துக்கு எடுத்துக் கடாசிடுவாங்க தம்பி. இது நம்ம மண்ணா? காணி உறுதி யாரு கையில இருக்கு?" என்றார் பாட்டி. இருநூறு வருடம் கழித்தும் இதுதான் நிலைமை. செத்தவருக்கு ஆறடி நிலம் கேட்கவும் தோட்டத்துக்கு மனு எழுத வேண்டும். அம்மா எழுதத்தான் போகிறார். மூன்று மொழியிலும்.

லயத்துக்குத் திரும்பியதும் பேரனின் போனில் தேவாலாவுக்கு வீடியோ போட்டோம். சின்னப் பாட்டி அப்போதுதான் டான்டீ மலையிலிருந்து வந்திருந்தார். திரையின் இரு பக்கமும் இருந்த பெண்கள் இரண்டு நிமிடத்தில் எங்களை மறந்துவிட்டார்கள்.

"அங்க கத்தரியிலயா கொழுந்து எடுக்குறீங்க?"

"ஆமா, அட்டை வேற. உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?"

இங்கே 2024இல் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாய் ஆனதையும், சொன்ன கிலோ வராவிட்டால் அது அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், ஆகிவிடுவதையும் இவர்கள் சொல்ல, அங்கே பிள்ளைகள் யாரும் மலைக்குப் போவதில்லை, எல்லாரும் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள் என்று சின்னப் பாட்டி சொன்னார். இங்கே பிள்ளைகள் கொழும்புக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் ஹப்புத்தளைக்குப் போவதாகத் திட்டம். போகவில்லை. கோயில் தலைவர் வந்து சின்னத் தாத்தாவிடம் காமன் பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். தப்படிக்க இளசுகள் இருக்கிறார்கள், பாட்டு முழுதாகத் தெரிந்தவர்கள்தான் இல்லையாம். வேன் வாசலில் உட்கார்ந்து அவர் பாடப் பாட, மூன்று பையன்கள் போனில் பதிந்துகொண்டார்கள். சில இடத்தில் அடி மறந்தபோது பாட்டி எடுத்துக் கொடுத்தார். மாசிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். விசாவுக்கு எவ்வளவு முன்னால் போட வேண்டும் என்று சின்னத் தாத்தா தம்பியை அன்று இரவே கேட்கத் தொடங்கிவிட்டார்.