திருகோணமலையின் அறை வெப்பத்தில் உறைந்த எலி

உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு போல் பைதன் வளர்கிறது. மேற்கு, மத்திய ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, அச்சம் வந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுவிடும் சாதுவான மலைப்பாம்பு அது. கொழும்பில் அதை வளர்த்த நண்பர் வெளிநாட்டுக்குப் போனபோது, உரிய ஆவணங்களுடன் என்னிடம் ஒப்படைத்தார். நம் நாட்டு மலைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும், வெளிநாட்டுப் பாம்புக்கும் அனுமதி வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பாம்போடு ஒரு ரெஜிபோம் பெட்டி நிறைய உறைந்த எலிகளும், அவற்றை உருக்கும் முறை பற்றி நண்பர் ஆங்கில நூல்களிலிருந்து எழுதி வைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பும் வந்தன. உயிருள்ள எலியைப் போட்டால் அது பாம்பைக் கடித்துக் காயப்படுத்தக்கூடும் என்பதால் உறைந்த எலியே பாதுகாப்பானது. வயலிலோ கூரையிலோ பிடித்த எலியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அது நஞ்சு தின்றிருக்கலாம், ஒட்டுண்ணிகளைக் காவி வரலாம், எலிக்காய்ச்சலை வீட்டுக்குள் கொண்டுவரலாம். ஆகவே கூண்டில் வளர்ந்த வெள்ளை எலிகளைத்தான் இன்றுவரை கொழும்பிலிருந்து வரவழைக்கிறேன். அந்தக் குறிப்பில் இருந்த ஒரு சொற்றொடர்தான் என்னை நான்கு மாதம் அலைக்கழித்தது: “அறை வெப்பநிலையில் உருக விடுக.”

யாருடைய அறை? குளிர்நாட்டு நூல் சொல்லும் அறை 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கச்சான் காற்று வீசும் ஜூன் மாதத்தில், ஓட்டுக் கூரைக்குக் கீழே உள்ள என் பின்னறை பகலில் 32 பாகையைக் காட்டுகிறது.

முதல் சனிக்கிழமை காலை ஏழரைக்கு 80 கிராம் எலியொன்றை ஒரு தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், ஒன்றரைக்குத் திரும்பினேன். எலி உருகித்தான் இருந்தது. ஆனால் வயிறு உப்பி, தோலுக்குக் கீழே பச்சை நிறம் படர்ந்து, வாசலுக்கு வரும்போதே நாற்றம் என்னை வரவேற்றது. தட்டின் விளிம்பிலிருந்து சுவர் வரை செவ்வெறும்பு வரிசை கட்டியிருந்தது. குடலில் உள்ள பக்டீரியாக்கள் உறைநிலையில் சாவதில்லை, உறங்குகின்றன. ஏறத்தாழ 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் அவை பெருகும். குளிர்நாட்டு அறையில் மெதுவாக நடப்பது நம் அறையில் விரைந்து நடந்துவிடுகிறது. அந்த எலியை வேப்பமரத்தடியில் ஆழமாகப் புதைத்தேன்.

அடுத்த வாரம் அவசரம் எதிர்ப்பக்கமாகப் போயிற்று. பிரீசரிலிருந்து எடுத்த எலியை நேரே சுடுநீரில் போட்டேன். பத்து நிமிடத்தில் மேல்தோல் 39 பாகை காட்டியது. பாம்பும் ஒரே பாய்ச்சலில் பற்றிச் சுற்றி விழுங்கியது. நான் மகிழ்ந்து போனேன். மூன்றாம் நாள் காலையில் பெட்டிக்குள் அரைகுறையாகச் செரித்த எலி கிடந்தது. மேலே சூடாகவும் நடுவில் பனிக்கட்டியாகவும் இருக்கும் இரையைப் பாம்பு கக்கிவிடும் என்று வளர்ப்பவர்கள் சொல்வதை அன்றுதான் கண்ணால் கண்டேன். கக்குதல் பாம்புக்குச் சிறிய விடயமன்று. இரைப்பை அமிலமும் உடல் நீரும் இழப்பாகின்றன. பதினான்கு நாள் தொடாமல் விட்டு, பிறகு வழமையில் பாதி எடையுள்ள எலியைக் கொடுத்தேன். அது தங்கியது.

இந்த இடத்தில் மைக்ரோவேவ் பற்றியும் கேட்பார்கள். நான் செய்து பார்க்கவில்லை, செய்யவும் மாட்டேன். அது சீராகச் சூடாக்காது, ஓரிடம் வெந்து மற்றோரிடம் உறைந்தே இருக்கும், வயிறு வெடித்தாலும் வெடிக்கும். அதற்கும் மேலாக, அந்த மைக்ரோவேவ் அம்மாவுடையது.

அம்மாவின் நிபந்தனைகள் இந்தப் பதிவில் இடம்பெறத்தான் வேண்டும். மீன் வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குள் எலி வரக்கூடாது. வெள்ளிக்கிழமை எலியை வெளியே எடுக்கக்கூடாது. சமையலறைப் பாத்திரம் எதையும் தொடக்கூடாது. முதலாவதும் மூன்றாவதும் அறிவியல்படியும் சரியே. கூண்டில் வளர்ந்த எலியிலும் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம், உறைய வைப்பதால் அது அழிவதில்லை. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உறைந்த எலிகளால் மனிதருக்கு நோய் பரவி, விற்ற எலிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஆகவே பழைய சிறிய பிரிட்ஜ் ஒன்றைப் பின்னறைக்கு வாங்கினேன். எலிக்கெனத் தனி வாளி, தனி இடுக்கி, தனித் துணி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நிபந்தனையை மட்டும் பேசித் தளர்த்திக்கொண்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மாமிதான் இன்னமும் “தம்பி, நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிறனாங்கள், இதுக்குப் பால் வைக்கிறேல்லையோ?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பால் பாம்பின் உணவன்று என்று மூன்று முறை விளக்கிவிட்டேன்.

மூன்றாவது முறையே நிலைத்தது. எலியைப் பையோடு பிரீசரிலிருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு, 4 பாகைக்கு, இறக்கி இருபது மணித்தியாலம் வைக்கிறேன். மறுநாள் வயிற்றையும் தொடையிடுக்கையும் இரு விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும்; உள்ளே கடினமாக ஏதும் தட்டுப்பட்டால் மீண்டும் பிரிட்ஜுக்கே. முழுதும் மென்மையாக இருந்தால், காற்றை வெளியேற்றி மூடிய பொலித்தீன் பையோடு 45 பாகை நீரில் இருபது நிமிடம் அமிழ்த்துகிறேன். நீர் ஆறிவிடுவதால் நடுவில் ஒருமுறை மாற்றுகிறேன். கொதிநீரும் குழாய்நீரும் கலந்து இந்தச் சூட்டைப் பெறுவது எளிது என்று நினைத்திருந்தேன். மேல்தாங்கி நீர் மதியத்தில் கை பொறுக்காத சூடாகவும் இரவில் வெதுவெதுப்பாகவும் வருவதால், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் போல ஒவ்வொரு வாளியும் ஒவ்வொரு சூட்டில் அமைந்தது. “பேசாமல் கன்னியாவுக்கே கொண்டுபோய் அமிழ்த்திவிட்டு வாவன்” என்று தம்பி சொல்லி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வெப்பமானியிலும் ஒரு பாடம் படித்தேன். கொவிட் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்தத் துப்பாக்கியில் ஒன்று வீட்டில் இருந்தது. அது மனித உடலுக்கென்று அமைக்கப்பட்டது. குளிர்ந்த பொருளைக் காட்டினால் எண்ணே வராது, வந்தாலும் நெற்றிக்குரிய திருத்தம் சேர்ந்த எண்ணாக இருக்கும். பொறித் திருத்துநர்கள் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கிய பிறகே என் குறிப்பேட்டில் உள்ள அளவுகள் நம்பத்தக்கவையாயின.

எலி சரியாக உருகியும் பாம்பு மூன்று முறை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதை எழுதுவதற்கே இதை உண்மையில் தொடங்கினேன். போல் பைதனின் உதட்டோரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் உள்ளன. அவை வெப்பக் கதிரை உணர்கின்றன. அந்த நரம்புகளில் வெப்பத்தை உணரும் புரதம் டிஆர்பிஏ1 என்பது 2010 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பாம்பின் மூளைக்குப் போவது பின்னணிக்கும் இரைக்கும் இடையிலான வேறுபாடு. 20 பாகை அறையில் 35 பாகை எலி விளக்கைப் போலத் தெரியும். என் 32 பாகை அறையில் அதே எலி சுவரோடு சுவராகிவிடுகிறது. அதைவிட மோசமாக, கச்சான் காற்றில் ஈர மயிர் வேகமாக உலர்வதால் எலி ஆறிக்கொண்டே போகிறது. மின்விசிறி சுழன்ற இரவொன்றில் 40 பாகையிலிருந்து 35 பாகைக்கு இறங்க நான்கு நிமிடமே எடுத்தது.

ஆகவே மூன்றை மாற்றினேன். இரவு பத்து மணிக்குமேல், அறை 28 பாகைக்கு வந்த பிறகே கொடுக்கிறேன். பாம்பும் இரவில் நடமாடும் இனம். எலியைப் பையிலிருந்து எடுத்து மயிரைத் துணியால் முற்றாக உலர்த்துகிறேன். கடைசியாக, தலையை மட்டும் இன்னும் சற்றுச் சூடான நீருக்கு மேலே பையோடு பத்து நொடி பிடிக்கிறேன், உடல் 37 பாகையிலும் தலை 40 பாகையிலும் இருக்கும். தலைப்பக்கம் சூடாக இருந்தால் பாம்பு அங்கேயே பற்றுகிறது. தலையிலிருந்து விழுங்கும்போது மயிரும் கால்களும் படிந்து எளிதாக உள்ளே போகின்றன. மின்விசிறியை நிறுத்தி, நீண்ட இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து மெல்ல அசைத்தேன். ஓகஸ்ட் மாதத்தில் அப்படிக் கொடுத்த நான்கு எலிகளையும் பாம்பு ஏற்றது. உண்ட பின் 48 மணித்தியாலம் அதைக் கையில் எடுப்பதில்லை.

ஏற்காத எலியை மீண்டும் உறைய வைப்பதில்லை, அது வேப்பமரத்தடிக்குப் போகிறது. மின்வெட்டையும் இதே கண்ணால்தான் பார்க்கிறேன்: 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது நண்பர் தம் எலிகள் அனைத்தையும் இழந்தார். நிறைந்த பிரீசர் கதவு திறக்காமல் 48 மணித்தியாலம் தாங்கும் என்ற கணக்கும் குளிர்நாட்டு அறைக்கு எழுதியதுதான். வெற்றிடம் முழுவதையும் நீர்ப் போத்தல்களால் நிரப்பியிருக்கிறேன்.

இப்போது நவம்பர். வாடைக்காற்றும் மழையும் வந்து அறை இரவில் 26 பாகைக்கு இறங்கியிருக்கிறது. எலி பளிச்சென்று தெரிய வேண்டிய காலம், ஆனால் பாம்பு இரு முறை மறுத்துவிட்டது. இந்த இனம் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்பதால் பதற்றமில்லை. 912 கிராமாக இருந்தது, நேற்று 897 கிராம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால்தான் மிருக வைத்தியரிடம் போவேன். பெட்டியின் சூடான பக்கத்தை 32 பாகைக்கு உயர்த்திவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை; எலியைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குவது வெளியே எடுப்பதில் சேராது என்று அம்மாவும் ஒப்புக்கொண்டுவிட்டார்.