பரண்ல இருந்து எறங்குன 'தா' (பர்மா கத்தி)

2020 லாக்டவுன்ல எனக்கு பாதி சம்பளம்தான். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல பில்லிங் வேல, லாரியே வரலன்னா பில்லு எங்க இருந்து வரும். அந்த வருஷம் பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட பழைய ஆயுதம் சேக்குற என்கிட்ட இருந்த மூணு குக்ரில (நேபாளத்து வளஞ்ச கத்தி) ரெண்ட வித்தேன், வாங்குன வெலைக்கும் கீழதான் போச்சு. நகைன்னா காலைல எடுத்துட்டு போனா மதியத்துக்குள்ள கைல காசு, பழைய ஆயுதத்துக்கு அப்படி கெடையாது, வாங்குற நாலு பேரும் அதே கஷ்டத்துல தான இருப்பான். அதனால பழசு வாங்கிப் போடு பின்னால நாலு மடங்கு வரும்னு யாராவது சொன்னா நான் கேக்கவே மாட்டேன்.

ஆனா இன்னொண்ணு உண்மை. கஷ்ட காலத்துல தான் பரண்ல இருக்குறதெல்லாம் கீழ எறங்கும். எறங்கி நேரா போறது காயலான் கடைக்கு, அங்க எல்லாமே எடைக்கு எட தான். தஞ்சாவூர்ல அதான் நடந்துச்சு, 1855ல ராஜா ஆண் வாரிசு இல்லாம செத்ததும் அரமனை ஆயுதமெல்லாம் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போச்சு, நல்லதா பாத்து எடுத்தது எக்மோர் மியூசியத்துக்கு வந்துச்சு, மிச்சத்துல எவ்ளோவோ ஒடச்சு பழைய இரும்பா போச்சு. அந்த கேலரில கட்டாரிங்க முன்னாடி நிக்கும்போதெல்லாம் அங்க வந்து சேராம போனது தான் எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

2020 ஆகஸ்ட்ல வியாசர்பாடில இருந்து ஒரு பிரெண்டு போன் பண்ணான், பக்கத்து வீட்டு ஆயா ஒரு கத்திய அடகு கடைக்கு எடுத்துட்டு போவுது, வந்து பாருன்னு. போய் பாத்தா பர்மா 'தா'. 'தா'ன்னா பர்மாக்காரங்க பாஷைல கத்தி, வாள் எல்லாத்துக்கும் அதான் பேரு. ஒரு முழம் கூட இல்ல, ஒரு பக்கம் மட்டும் கூரு, லேசா வளைவு, நம்ம வாள்ல கைக்கு காப்பு இருக்கும்ல அது இதுல கெடையாது, கைப்பிடி உருண்டையா நேரா பிளேடுல போய் சேரும். கைப்பிடி மேல வெள்ளித் தகடு சுத்தியிருந்துச்சு. தகடு சேருற எடத்துல லேசா பிரிஞ்சு உள்ள கருப்பா அரக்கு தெரிஞ்சுது, கைப்பிடிக்குள்ள போற பிளேடோட வாலு குட்டையா தான் இருக்கும், அரக்கு ஊத்தி தான் அத புடிக்க வைப்பாங்க.

ஆயா குடும்பம் 1964ல ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தவங்க. கடைய கவர்மென்ட் எடுத்துக்கிச்சு, நகைய துறைமுகத்துல புடுங்கிட்டாங்க, ட்ரங்கு பொட்டி அடியில துணியோட துணியா இது மட்டும் வந்துச்சாம். "வெள்ளிய உரிச்சு குடுத்தா எடை போட்டு காசு தரேன்னான் கண்ணு, இரும்பு வாணாமாம்"னு சொன்னாங்க. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. தகட உரிச்சுட்டா அப்புறம் அது ஒரு துருப்புடிச்ச தகரம், எங்க இருந்து வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது.

பேரம் பேசல. அந்த நெலமைல இருக்குறவங்க கிட்ட பேரம் பேசி வாங்குறது எனக்கு அசிங்கமா படும். குக்ரி வித்ததுல மிஞ்சுன நாலாயிரத்தி ஐநூறு கைல இருந்துச்சு, அது வெள்ளி வெலைய விட அதிகம்தான், அப்படியே குடுத்தேன். எப்ப வேணும்னாலும் இதே காச குடுத்து திருப்பி எடுத்துக்கலாம் ஆயான்னு பேப்பர்ல எழுதி கையெழுத்தும் போட்டேன். வீட்டுல ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல, அது நியாயம் தான்.

சட்டமும் பாத்துக்கணும். பிளேடு 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ போனா ஆயுதச் சட்ட லிஸ்ட்ல வந்துடும், இது எட்டு இஞ்சு. 100 வருஷம் தாண்டுனதுன்னா 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு விக்க கூடாது. எவ்ளோ டாலர் சொன்னாலும் சரி.

எங்க வீடு ராயபுரம், உப்புக்காத்து எறங்குற எடம். மாசத்துக்கு ஒருக்கா காட்டன் துணில தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு தொடைப்பேன், தேங்கா எண்ணெய் போட்டா பிசுக்கு ஏறிடும். எமரி பேப்பர் பக்கமே போக மாட்டேன், பளபளன்னு ஆக்குனா வயசு போயிடும். வெறும் விரலால பிளேட தொட்டா மறுவாரம் ரேகை துருவா நிக்கும்.

போன பொங்கலுக்கு ஆயா பேரனோட வந்தாங்க. திருப்பி கேக்க வரல, பாக்கணும்னு வந்தாங்க. மடில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தடவிட்டு, உறைல ஒரு செவப்பு கயிறு இருந்துச்சு, எங்கப்பா தோள்ல மாட்டிக்கினு ராத்திரில கடைக்கு காவல் படுப்பாருன்னு சொன்னாங்க. பேரனுக்கே அது புதுசு. அவங்க சொன்னத அப்படியே அதே பேப்பருக்கு பின்னால எழுதி, தேதி போட்டு, 'தா' கூடவே சுத்தி வச்சிருக்கேன்.