சானல் தண்ணீரும் ஒளிரும் பாக்டீரியாவும்

ஜூன் 9
மாமா நேற்று வாழைக்கு மருந்து அடித்தார், தண்டுக் கூன்வண்டுக்குக் குளோர்பைரிபாஸ். சாயங்காலமே மழை பிடித்துவிட்டது. விளையிலிருந்து, அதாவது தோட்டத்திலிருந்து, வழிந்த தண்ணீர் நேராகச் சானலுக்குப் (பாசனக் கால்வாய்) போகும், அங்கிருந்து தேரூர் குளத்துக்கு. சுசீந்திரத்தோடு சேர்த்து 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பிடித்த குளம். "மழை எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிரும் மக்களே" என்கிறார் மாமா. கழுவினது எங்கே போகும் மாமா?

ஜூன் 11
ஆய்வகத்தில் அலிவிப்ரியோ ஃபிஷெரி வளர்ந்துவிட்டது. தானாகவே ஒளிரும் கடல் பாக்டீரியா. விளக்கை அணைத்துக் கண் பழகும்வரை நின்றால் குடுவைக்குள் நீலப்பச்சை வெளிச்சம் தெரியும். அசையாமல் வைத்தால் மெல்ல மங்கும், ஒரு குலுக்குக் குலுக்கினால் சட்டென்று ஏறும், ஒளியை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டுமே. நச்சு பட்டால் ஒளி குறையும். தண்ணீரின் நச்சுத்தன்மையைப் பார்க்கும் சர்வதேசத் தர முறையான ஐஎஸ்ஓ 11348 சோதனையே இதுதான்.

ஜூன் 14
சானல் தண்ணீரில் 2 சதவீதம் உப்புச் சேர்த்து, 15 டிகிரியில் 30 நிமிடம் வைத்தோம். ஒளி கொஞ்சம்தான் குறைந்தது. எல்லோரும் அப்பாடா என்றார்கள், எனக்கு நிம்மதி வரவில்லை. குளோர்பைரிபாஸ் பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து, பாக்டீரியாவுக்கு நரம்பே கிடையாது. மீனையும் தவளையையும் பாதிக்கிற அளவு இருந்தால்கூட இது பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கலாம். குறைந்த அந்தக் கொஞ்சத்துக்கும் குலசேகரம் பக்கம் ரப்பருக்கு அடிக்கிற காப்பர் மருந்து காரணமா, துணி துவைத்த சோப்பா, யார் சொல்வது?

ஜூன் 15
மரபணு மாற்றிய பாக்டீரியா தேவைப்படுவது இதற்குத்தான். அதில் எல்லாம் தலைகீழ்: சும்மா இருக்கும்போது இருட்டு, தேடுகிற மருந்து வந்தால் வெளிச்சம். மீத்தைல் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டால், ஒரு நொதி அதை உடைக்கும்போது பாரா-நைட்ரோஃபீனால் என்ற பொருள் வரும், அதை உணரும் புரதம் ஒளி மரபணுக்களை முடுக்கிவிடும்படி அமைக்கலாம். ஃபோட்டோராப்டஸ் என்ற இன்னொரு ஒளிரும் பாக்டீரியாவின் ஒளி மரபணுக்களைச் சேர்த்தால் 37 டிகிரியிலும் ஒளிரும், நம் ஊர் வெக்கைக்குத் தோது. ஆனால் அதைக் குளத்தில் ஊற்றிவிட முடியாது. மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகள் இருக்கின்றன. பாக்டீரியா மூடிய குப்பிக்குள் இருக்கட்டும், தண்ணீரை நாம் கொண்டுவருவோம். எந்த மாதிரி சந்தேகத்துக்குரியது என்று அது காட்டினாலே போதும், எவ்வளவு மருந்து என்பதை அப்புறம் பெரிய கருவியில் பார்த்துக்கொள்ளலாம். எல்லா மாதிரியையும் அங்கே அனுப்ப நம்மிடம் காசு ஏது?

ஜூன் 18
மாமாவிடம் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம கெணத்துத் தண்ணியையும் ஒண்ணு பாத்துரு" என்றார். நாளை காலையில் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.